ஸ்டோன்ஸ், சபாத், குவீன்: நோட் சரி, ஒலி மட்டும் வரவில்லையா? (ராக் குழுக்களின் ஒலி பற்றிப் பலர் மாறி மாறி எழுதியவை)

கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸின் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துணுக்கு) நோட் பிசகாமல் வாசித்தும் ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரி கேட்கவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் கம்பிகளை எண்ணிப் பாருங்கள். ஆறு இருந்தால் ஒன்று கூடுதல். அறுபதுகளின் கடைசியிலிருந்து அவர் பல பாட்டுகளுக்கு ஆறாவது கம்பியைக் கழற்றிவிட்டு, ஐந்து கம்பியில் ஓப்பன் ஜி ட்யூனிங்கில்தான் (எதையும் அழுத்தாமல் அடித்தாலே ஜி மேஜர் கார்ட் வரும் சுருதி) வாசிக்கிறார்.

ட்யூனர்கூட வேண்டாம். ஐந்தாவது கம்பியை ஏ-யிலிருந்து ஜி-க்கு இறக்கி, மூன்றாவது கம்பியோடு ஒத்துப் பாருங்கள். அதே ஜி, ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே. முதல் கம்பியை இ-யிலிருந்து டி-க்கு இறக்கி, நாலாவதோடு ஒத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் மூன்றையும் தொட வேண்டியதில்லை. தடித்த கம்பியிலிருந்து சொன்னால் ஜி, டி, ஜி, பி, டி.

இப்போது ஆள்காட்டி விரலை ஐந்தாவது ஃபிரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) குறுக்கே படுக்க வையுங்கள், சி மேஜர். விரலை எடுக்காமலே நடுவிரலை இரண்டாவது கம்பி ஆறாவது ஃபிரெட்டிலும், மோதிர விரலை நாலாவது கம்பி ஏழாவது ஃபிரெட்டிலும் வைத்தால் எஃப். வைத்து எடுத்து, வைத்து எடுத்து... ஸ்டோன்ஸ் ரிஃப்களில் பாதி இந்த ஆட்டம்தான். எஃப் அடிக்கும்போது முதல் கம்பியில் ஒரு ஜி ஒட்டிக்கொண்டு வரும். அது பிடிக்காவிட்டால் நடு மூன்று கம்பியை மட்டும் அடியுங்கள்.

* * *

மேலே சொன்னதை ஸ்ட்ராட் வகை கிட்டாரில் செய்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ட்ரெமோலோ பிரிட்ஜ் (கம்பிகள் மாட்டியிருக்கும், கைப்பிடியால் ஆட்டக்கூடிய தகடு) மிதக்கும்படி வைத்திருந்தால், ஒரு கம்பியைக் கழற்றியதுமே இழுவிசை குறைந்து, பின்னால் இருக்கும் ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துவிடும். மற்ற ஐந்து கம்பியும் ஷார்ப் ஆகும், அதாவது சுருதி ஏறும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று ஓடும். பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங் மாட்டியிருக்கும் தகட்டின் இரண்டு ஸ்குரூவையும் அரைச் சுற்று தளர்த்தி ட்யூன் செய்யுங்கள், போதாவிட்டால் இன்னொரு அரைச் சுற்று. டெலிகாஸ்டர் போல பிரிட்ஜ் அசையாத கிட்டாரில் இந்தத் தொல்லையே இல்லை.

10-46 செட்டில் (எண்கள் கம்பியின் தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) ஐந்தாவது கம்பி 36. அதை ஜி-க்கு இறக்கினால் தொளதொளவென்று ஆகி, ஓங்கி அடித்த கணம் சுருதி மேலே போய் இறங்கும். அந்த இடத்தில் ஒரு 42 கம்பியைப் போடுங்கள்.

இரண்டாவது கம்பி பி விஷயத்தில் ட்யூனரை முழுசாக நம்ப வேண்டாம். ட்யூனர் காட்டும் மேஜர் தேர்ட் (ஜி-யிலிருந்து பி வரையுள்ள இடைவெளி), சுத்தமான தேர்டைவிட 14 சென்ட் (ஒரு ஃபிரெட் இடைவெளியில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கூடுதல், அதனால்தான் ஓப்பன் கார்டில் கரகரக்கிறது. முழுக்க இறக்கினால் எஃப் அடிக்கும்போது அதே கம்பி சுருதி குறைந்து கேட்கும். நாலைந்து சென்ட் இறக்கி நிறுத்துவதே நல்ல சமரசம்.

* * *

பிளாக் சபாத் பக்கம் வருவோம். அந்தக் குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமி இடதுகைக்காரர். 1965-ல், 17 வயதில், பர்மிங்ஹாமில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வலதுகை நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின. கம்பியை அழுத்தும் கை அது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, விரல் நுழையும் அளவுக்குத் துளைபோட்டு, மேலே தோல் ஒட்டி உறை செய்துகொண்டார். தோல் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். தடித்த கம்பியை அந்த விரல்களால் வளைக்க முடியாது என்பதால் மெல்லிய கம்பிக்குப் போனார். அப்போது அங்கே மெல்லிய கிட்டார் செட் கிடைக்காததால் பேன்ஜோ கம்பியை மாட்டினார்.

ஒரு தவறான பேச்சு ஓயாமல் சுற்றுகிறது: முதல் ஆல்பத்திலிருந்தே இறக்கிய ட்யூனிங் என்று. இல்லை. 1970-ல் வந்த முதல் ஆல்பம் சாதாரண ட்யூனிங்தான். மூன்று செமிடோன் (மூன்று ஃபிரெட் அளவு) இறக்கி, இ-யை சி ஷார்ப் ஆக்கியது 1971-ன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில், அதிலும் எல்லாப் பாட்டிலும் இல்லை.

அவரைப் பார்த்து 9 கேஜில் (மெல்லிய கம்பி செட்) சி ஷார்ப் போடாதீர்கள். அந்தத் தொளதொளப்பில் சுருதி நிற்க அவருடைய கை வேண்டும். 11-52 போடுங்கள். போட்ட பிறகு இரண்டு வேலை இருக்கிறது. தடித்த கம்பி நட் (கழுத்து முனையில் கம்பிகள் உட்காரும் துண்டு) பள்ளத்தில் சிக்கி 'டிக்' என்று சத்தம் வந்தால் பள்ளத்தை லேசாக அகலமாக்க வேண்டும், ஆழமாக்கக் கூடாது. பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திய நோட், அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் லேசாகத் தொட்டு அடிக்கும் ஒலி) ஷார்ப் ஆக இருந்தால் சேடிலை (பிரிட்ஜில் கம்பி உட்காரும் துண்டு) நட்டிலிருந்து தள்ளி, பின்னால் நகர்த்துங்கள்.

இவ்வளவும் செய்து, தனியாக வாசித்தால் மெலிசாகத்தான் கேட்கும். சபாத்தின் கீஸர் பட்லர் பாஸ் கிட்டாரில் அதே ரிஃப்பைக் கூடவே வாசிப்பதால் வரும் கனத்தை கிட்டாரில் தேடிக் கெய்ன் (ஒலியைக் கரகரப்பாக்கும்) குமிழைத் திருகினால் சேறுதான் மிஞ்சும்.

* * *

கெய்ன் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அயோமி ஆரம்பத்தில் பயன்படுத்தியது டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் பூஸ்டர், அதிலிருந்து லேனி ஆம்ப். பூஸ்டர் கீழ்ச்சுருதியை விட்டு மேலே இருப்பதை மட்டும் ஏற்றி அனுப்பும். ஒலியை உடைத்துக் கரகரப்பாக்குவது ஆம்ப்பின் வால்வு (வெற்றிடக் குழாய்). அதனால்தான் கார்ட் கனமாக இருந்தும் ஒவ்வொரு நோட்டும் பிரிந்து கேட்கிறது.

ரேஞ்ச்மாஸ்டர் நகல் வாங்குகிறவர்கள் அது பாசிட்டிவ் கிரவுண்டா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை கிரவுண்டோடு சேரும் வகையா) என்று கேட்டு வாங்குங்கள். மற்ற பெடல்களோடு ஒரே அடாப்டரில் மாலை கோத்தால் ஷார்ட் ஆகும். தனி பேட்டரிதான் நிம்மதி. உள்ளே இருப்பது ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், சூடு ஏற ஏற லீக்கேஜ் (மின்கசிவு) கூடும். காலையில் அருமையாக இருந்த பெடல் மே மாத மதியத்தில் சொதப்பினால் பெடல் கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

* * *

குவீனும் இதே வழிதான்: ட்ரெபிள் பூஸ்டர், பிறகு வாக்ஸ் ஏசி30 முழு வால்யூமில். கிட்டார்காரர் பிரையன் மே அழுக்கையும் (கரகரப்பான ஒலி) சுத்தத்தையும் கிட்டார் வால்யூம் குமிழிலேயே பிரித்துக்கொள்கிறார்; பத்தில் சோலோ, மூன்று நாலில் சுத்தமான கார்ட். 30 வாட் வால்வு ஆம்ப்பை ஃப்ளாட்டில் முழுசாகத் திறந்தால் அடுத்த வீட்டுக்காரர் வாசலில் நிற்பார், அட்டென்யுவேட்டர் (ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) இல்லாமல் நடக்காது.

தான் வாசிக்கும் கிட்டாரை மே தன் அப்பாவோடு சேர்ந்து 1963-ல் செய்யத் தொடங்கினார். கழுத்து பழைய கணப்பு மேடையின் மரம், ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் வால்வு ஸ்பிரிங். பலர் கோட்டைவிடுவது வயரிங்கில். மூன்று பிக்கப்பும் (கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்) சீரீஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) சேர்கின்றன, ஒவ்வொன்றுக்கும் தனி ஆன்-ஆஃப், தனி ஃபேஸ் (சிக்னலைத் தலைகீழாக்கும்) ஸ்விட்ச். சாதாரண கிட்டாரில் பிக்கப்புகள் பேரலலில் (பக்கம் பக்கமாக) இருப்பதால் எந்தப் பெடல் போட்டாலும் அந்த மூக்கொலி வராது. பிக்குக்குப் பதில் ஆறு பென்ஸ் நாணயம்; அதன் ரம்பம் போன்ற விளிம்பு கம்பியில் உரசும் சத்தமும் ஒலியில் ஒரு பங்கு.

அடுக்கடுக்கான கிட்டார் கோரஸ் செய்ய ஒரே டிராக்கை மூன்று காப்பி போடாதீர்கள். சத்தம்தான் கூடும், அகலம் கூடாது. மூன்று தடவையும் புதிதாக வாசித்துப் பதிவு செய்யுங்கள்.

* * *

டிரம்ஸ்காரர்களை யாருமே கண்டுகொள்ளவில்லை! லெட் செப்பலின் நாலாவது ஆல்பத்தின் (1971) கடைசிப் பாட்டு டிரம்ஸ், ஹெட்லி கிரேஞ்ச் மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் பதிவானது. கீழே ஜான் போன்ஹாம், மேல்மாடியிலிருந்து தொங்கிய இரண்டு பேயர் எம்160 மைக், நல்ல கம்ப்ரஷன் (பெரிய சத்தத்தை அடக்கிச் சின்னதைத் தூக்குவது), பின்சன் எக்கோ (எதிரொலிக் கருவி). ஒலி ஒரு மீட்டர் வர 3 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும், அந்தத் தூரத்தைத்தான் நாம் 'பெரிய' சத்தமாகக் கேட்கிறோம். பத்துக்குப் பத்து அறையில் சுவர் எதிரொலி முந்திக்கொள்ளும். படிக்கட்டு கிடைத்தால் விடாதீர்கள். சிம்பலை மட்டும் மெதுவாக அடியுங்கள். கம்ப்ரஸர் அதைத்தான் முதலில் தூக்கிக் காதில் குத்தும்.

* * *

யூ2 குழுவின் கிட்டார்காரர் எட்ஜின் டிலேக்கு (வாசித்ததைத் தாமதமாகத் திரும்ப ஒலிக்கும் எஃபெக்ட்) எத்தனை மில்லி செகண்ட் வைப்பது? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்கள்.

* * *

எண்ணை மனப்பாடம் செய்யாதீர்கள், பாட்டுக்குப் பாட்டு மாறும். 60,000-ஐ பிபிஎம்-ஆல் (நிமிடத்துக்கு எத்தனை பீட்) வகுத்து 0.75-ஆல் பெருக்குங்கள். 120 பிபிஎம் என்றால் 375. ரிபீட் ஒன்று அல்லது இரண்டு, மிக்ஸ் கிட்டத்தட்ட நேர்பாதி, கை எட்டாம் நோட்டுகளை (பீட்டுக்கு இரண்டு) மட்டும் ஒரே சீராக அடிக்கட்டும். டிரம்மர் கிளிக் (மெட்ரோனோம் சத்தம்) கேட்காமல் வாசித்தால் நாலாவது பாரிலேயே இடறும், அப்போது டாப் டெம்போ உள்ள பெடலைக் காலால் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.