குளிர்நீர் டிரையத்லானுக்கு வெட்சூட்: கழுத்து நெரிக்கிறது, இடுப்பில் நீர் தேங்குகிறது. எந்த அளவை வாங்குவது?

மெரினா_நீச்சல் (சென்னை):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் நடைபெறவிருக்கும் அயர்ன்மேன் போட்டிக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் நெடுந்தூர டிரையத்லான்) பதிவு செய்திருக்கிறேன். 3.8 கிலோமீட்டர் நீச்சல் முழுவதும் அமாகர் ஸ்ட்ராண்ட்பார்க் கடற்கரைக் காயலில் நடக்கும். அந்த மாதத்தில் நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 17 முதல் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும் என்று அங்கே நீந்தியவர்கள் சொல்கிறார்கள். நான் பழகியதெல்லாம் நம் ஊர்க் கடலும் நீச்சல்குளமும்தான் என்பதால், வெட்சூட் (குளிர்நீரில் உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடை) அணிந்து நீந்தும் பழக்கம் எனக்கு அறவே இல்லை.

நண்பர் ஒருவர் தம்முடைய டிரையத்லான் வெட்சூட்டை அணிந்து பார்க்கக் கொடுத்தார். குளத்தில் அதை அணிந்து நீந்தியபோது மூன்று தொல்லைகள் தெரிந்தன. தொண்டைக்குழியில் அழுத்தம் விழுந்து மூச்சு முழுமையாக உள்ளே போக மறுக்கிறது. எட்டு நீளம் முடிவதற்குள் தோள்கள் கடுக்கத் தொடங்குகின்றன. இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் பள்ளத்தில் நீர் புகுந்து தேங்கி, திரும்பும்போதெல்லாம் அசைகிறது.

என் உயரம் 178 செ.மீ., எடை 68 கிலோ. அளவுப் பட்டியலில் உயரத்தைப் பார்த்தால் பெரிய அளவும், எடையைப் பார்த்தால் அதற்கு ஒரு படி சிறிய அளவும் வருகின்றன. நண்பருடையது பெரிய அளவு. சென்னையில் பல உடைகளை அணிந்து பார்த்து வாங்கும் வசதி கொண்ட கடை எதுவும் எனக்குத் தெரியவில்லை; வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் சேர்வதோடு, திருப்பி அனுப்புவதும் எளிதன்று. கழுத்து நெரிப்பதால் இன்னும் பெரிய அளவுக்குப் போக வேண்டுமா? விலை இரண்டு மடங்கான உயர்தர உடையை வாங்கினால் தோள் வலி தீருமா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

அலைவழி (கன்னியாகுமரி):

டிரையத்லானுக்கென்று தனி உடை தேவையா என்பதையும் யோசியுங்கள். அலைச்சறுக்கு விளையாடுவோர் அணியும் வெட்சூட் பாதி விலையில் கிடைக்கிறது. குளிரைத் தாங்கினால் போதும் அல்லவா?

சூரிச்_ஏரி (சுவிட்சர்லாந்து):

அலைவழி அவர்கள் சொன்னதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலர் இதை நம்பிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். அலைச்சறுக்கு உடையும் முக்குளிப்பு உடையும் நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரால் ஆனவைதான். ஆனால் அவற்றின் வெளிப்புறம் பெரும்பாலும் நைலான் துணியால் மூடப்பட்டிருக்கும். பலகையிலும் பாறையிலும் உரசினால் கிழியாமல் இருக்க அது வேண்டும். நீந்துபவருக்கோ அது நீரின் இழுவையைக் கூட்டும் சுமை. தவிர, அவற்றின் தோள் பகுதி ஃப்ரீஸ்டைலில் ஆயிரக்கணக்கான முறை கையை வீசுவதற்காக வெட்டப்பட்டதன்று. டிரையத்லான் உடையில் வெளிப்புறம் வழவழப்பான பூச்சுடன் இருக்கும். தோளிலும் அக்குளிலும் 1.5 அல்லது 2 மி.மீ. தடிமனும், மார்பிலும் தொடையிலும் 4 அல்லது 5 மி.மீ. தடிமனும் வைத்துத் தைத்திருப்பார்கள். 1987இல் டான் எம்ஃபீல்ட் தொடங்கிய குவின்டானா ரூ நிறுவனம் டிரையத்லானுக்கென்றே வெட்சூட் செய்ததன் காரணம் இந்த வேறுபாடுதான். உலக டிரையத்லான் அமைப்பின் விதிகளின்படி எந்த இடத்திலும் தடிமன் 5 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதால், குளிர்கடலுக்கான முக்குளிப்பு உடையில் பலவற்றைப் போட்டிக்குக் கொண்டுபோகவே முடியாது.

இனி மெரினா_நீச்சல் அவர்களின் மூன்று தொல்லைகளுக்கு வருகிறேன். உங்கள் விவரிப்பைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது, கழுத்து நெரிப்பதும் தோள் கடுப்பதும் உடை சிறியதாக இருப்பதால் வருபவை அல்ல என்பதுதான். உடை போதுமான அளவு மேலே ஏறவில்லை. கவட்டையில் இரண்டு விரல் இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி அளவுக்கு உடை முழுவதும் உடலைக் கீழ்நோக்கி இழுக்கும். அந்த இழுப்பு முதலில் தோளிலும் பிறகு தொண்டையிலும் போய் நிற்கும். அதை உணர்ந்தவர் பெரிய அளவை நாடுவது இயல்பு. பெரிய உடையில் நீர் புகும், நீர் புகுந்தால் மிதப்பும் வெப்பமும் போகும், கூடவே அந்த நீரின் எடையையும் இழுத்துக்கொண்டு நீந்த வேண்டும்.

எனவே, வாங்குவது பற்றி முடிவெடுப்பதற்கு முன்பு, அதே இரவல் உடையை வேறு விதமாக அணிந்து பாருங்கள். அவசரமின்றி முழுதாகப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். நகத்தால் பிடித்து இழுத்தால் நியோப்ரீன் பிறை வடிவில் வெட்டுப்படும். நகத்தை வெட்டிவிட்டு, விரலின் சதைப் பகுதியால், முடிந்தால் மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு, சிறிது சிறிதாக மேலே நகர்த்த வேண்டும். பாதத்தில் ஒரு பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டால் கால் எளிதாக நுழையும். காலின் விளிம்பு கணுக்காலுக்கு மேலே நான்கு விரல் அளவு ஏறி நிற்கட்டும். அங்கிருந்து கெண்டைக்கால், முழங்கால், தொடை என்று துணியை மேலே மேலே கொண்டுவந்து, கவட்டையில் இடைவெளியே இல்லாதபடி ஆக்கிய பிறகுதான் இடுப்பைத் தாண்ட வேண்டும். கையிலும் இதே முறைதான்: மணிக்கட்டுக்கு மேலே விளிம்பை நிறுத்தி, அக்குளில் உடை ஒட்டும் வரை துணியைத் தோளை நோக்கித் தள்ளுங்கள். தோளின் மேல் ஒரு சிறு மடிப்பு மிஞ்ச வேண்டும். கையை வீசும்போது விரிந்து கொடுப்பது அந்த மடிப்புதான். பிறகு இரண்டு தோள்பட்டைகளையும் பின்னால் சேர்த்துக்கொண்டு, வேறொருவரை ஜிப்பை ஏற்றச் சொல்லுங்கள்.

இப்படி அணிந்த பிறகும் இடுப்புப் பள்ளத்தில் நீர் தேங்கினால், அந்த உடை உங்களுக்குப் பெரியது என்று உறுதியாகச் சொல்லலாம். அப்போது எடையையும் மார்புச் சுற்றளவையும் பார்த்துச் சிறிய அளவை எடுங்கள். நியோப்ரீன் நீளவாக்கில் இழுபடும். கால் சற்றுக் குட்டையாக நின்றால் நட்டமில்லை, உடற்பகுதி தளர்ந்து நின்றால்தான் நட்டம். உங்களைப் போல் உயரமாக ஒல்லியாக இருப்பவர்களுக்கென்றே சில நிறுவனங்கள் நடுத்தர-நெட்டை என்று தனி அளவு வைத்திருக்கின்றன. அதையும் தேடிப் பாருங்கள்.

விலையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பல நிறுவனங்கள் ஜப்பானின் ஒசாகாவில் உள்ள யமமோட்டோ நிறுவனத்தின் நியோப்ரீனைப் பயன்படுத்துகின்றன. நடுத்தர விலை உடைகளில் 39 என்ற எண் கொண்டதும், உயர்ந்த விலை உடைகளில் அதைவிட அதிகமாக இழுபடும் 40 என்ற எண் கொண்டதும் இருக்கும். தோளில் வேறுபாடு தெரியும் என்பது உண்மை. ஆயினும் உடலுக்குப் பொருந்தாத 40ஐவிடப் பொருந்திய 39 எவ்வளவோ மேல். இன்னொன்றையும் கவனியுங்கள்: மிக உயர்ந்த விலை உடைகள் பெரும்பாலும் கால் மூழ்காமல் சமநிலையில் நீந்தத் தெரிந்தவர்களுக்காக, மெல்லியதாகச் செய்யப்பட்டவை. ஓட்டத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் வந்து, இடுப்பும் காலும் தாழும் நிலையில் நீந்துபவருக்கு, தொடையில் 5 மி.மீ. வைத்த நடுத்தர விலை உடையே அதிகப் பயன் தரும். மாறாக, சிறு வயது முதல் குளத்தில் பயிற்சி பெற்றவர் அதை அணிந்தால் கால் நீருக்கு மேலே எழும்பி, உதைப்பு காற்றில் வீணாகும். நீங்கள் எந்த வகை என்பதைச் சொல்லுங்கள்.

கரையோரப்_பயிற்சி (புதுச்சேரி):

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். பயிற்சியாளர் என்ற முறையில் ஓர் எச்சரிக்கையை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நம் கடற்கரையில் கடல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 27, 28 டிகிரிக்கு மேல் இருக்கிறது. அந்த நீரில் முழுக்கை வெட்சூட்டுடன் நீண்ட தூரம் நீந்தினால் உடலின் வெப்பம் வெளியேற வழியின்றி மயக்கம் வரை கொண்டுபோகும். இங்கே உடையைச் சோதிப்பது அளவு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கு மட்டுமே. விடியற்காலையில், பத்து நிமிடத்துக்குள், கரையில் ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள். தூரப் பயிற்சியை வழக்கமான நீச்சலுடையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்சூட்டில் பழகுவதற்கு, போட்டிக்கு ஐந்தாறு நாள் முன்பே கோபன்ஹேகன் சென்றுவிடுவது நல்லது. அமாகர் கடற்கரை பொது இடம். குளிர்நீரில் முதல் இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சு தானாக வேகமெடுக்கும். உடை கழுத்தை நெரிப்பதாகப் பலருக்குத் தோன்றுவது அப்போதுதான். முகத்தை நனைத்து, கழுத்துப் பட்டையைச் சற்று விலக்கிக் கொஞ்சம் நீரை உள்ளே விட்டு, நீருக்குள் நீளமாக மூச்சை விட்டுப் பழகினால் அது அடங்கும். அடங்காமல் இருமலும் மூச்சுத்திணறலும் கூடினாலோ, நுரையாகச் சளி வந்தாலோ, தயங்காமல் கையை உயர்த்தி உதவிப் படகை அழைத்துவிடுங்கள். நீச்சலின்போது நுரையீரலில் நீர் கோக்கும் நிலை ஒன்று உண்டு. குளிர்ந்த நீரும் அளவுக்கு மீறி இறுகிய உடையும் அதைத் தூண்டக்கூடும் என்று மருத்துவர்கள் கருதுகிறார்கள். இரத்த அழுத்தம் உள்ளவராக இருந்தால் புறப்படும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

மெரினா_நீச்சல் (சென்னை):

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சூரிச்_ஏரி அவர்கள் சொன்ன முறையில் பொறுமையாக அணிந்து பார்த்தேன். தொண்டை அழுத்தம் ஏறக்குறைய முழுமையாகப் போய்விட்டது. தோளும் முன்போல் கடுக்கவில்லை. ஆனால் முதுகுப் பள்ளத்தில் நீர் இன்னும் தேங்குகிறது, குனிந்தால் அங்கே துணியைக் கைப்பிடியாகப் பிடிக்க முடிகிறது. எனவே சிறிய அளவுதான் என்று முடிவு செய்திருக்கிறேன். நான் ஓட்டப் பின்னணியிலிருந்து வந்தவன். என் கால்கள் தாழ்கின்றன என்று பயிற்சியாளர் எப்போதும் சொல்வார்.

இன்னும் இரண்டு ஐயங்கள். போட்டி நாளில் நீர் வெதுவெதுப்பாக இருந்துவிட்டால் வெட்சூட்டைத் தடை செய்வார்களா? இதே உடை பிற திறந்தவெளி நீச்சல் போட்டிகளுக்கும் உதவுமா?

சூரிச்_ஏரி (சுவிட்சர்லாந்து):

கால் தாழ்பவர் என்றால், தொடையிலும் இடுப்பிலும் 5 மி.மீ., தோளில் 2 மி.மீட்டருக்கு மிகாத நடுத்தர விலை உடையை, சிறிய அளவில் அல்லது நெட்டை அளவில், முழுக்கையாகவே எடுங்கள். கையில்லாத உடை தோளுக்குச் சுதந்திரம் தரும் என்பது சரிதான்; ஆனால் 17 டிகிரியில் அக்குள் வழியாகக் குளிர்நீர் தொடர்ந்து உள்ளே வரும். வெப்பநாட்டு உடலுக்கு அது ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்குவது கடினம்.

அயர்ன்மேன் போட்டிகளில் வயதுப் பிரிவினருக்கு (உங்களைப் போன்ற, தொழில்முறை அல்லாத போட்டியாளர்களுக்கு) நீர் 24.5 டிகிரி வரை இருந்தால் வெட்சூட் அணியலாம். அதற்கு மேல் கட்டுப்பாடு தொடங்கும். உலக டிரையத்லான் விதியில் ஒலிம்பிக் தூரப் போட்டியின் 1,500 மீட்டர் நீச்சலுக்கு இந்த வரம்பு 22 டிகிரி. நீங்கள் சொல்லும் வெப்பநிலைக்கு இரண்டுமே தொலைவில் இருக்கின்றன. ஆனால் கடைசிச் சொல் போட்டி நாள் காலை அறிவிப்புதான் என்பதால், வெட்சூட் இல்லாமலும் 3.8 கிலோமீட்டரை முடிக்கும் பயிற்சி உங்களிடம் இருக்கட்டும். உடையின் மிதப்பை நம்பித் தூரப் பயிற்சியைக் குறைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும்.

பிற போட்டிகளில் விதி வேறு. உலக நீச்சல் கூட்டமைப்பின் திறந்தவெளிப் போட்டிகளில் நீர் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் வெட்சூட் அணியலாம், 18 டிகிரிக்குக் கீழே போனால் அணிந்தே ஆக வேண்டும். நம் குற்றாலீஸ்வரன் 1994இல் நீந்திக் கடந்த ஆங்கிலக் கால்வாயிலோ, மரபான முறையில் அங்கீகாரம் பெற வேண்டுமானால் சாதாரண நீச்சலுடை, தொப்பி, கண்ணாடி, உடலில் பூசும் கொழுப்பு போன்றவற்றுக்கு மட்டுமே இடம் உண்டு. அங்கே போகும் எண்ணம் இருந்தால் வெட்சூட்டை வாங்கும் பணத்தைக் குளிரில் பழகுவதற்குச் செலவிடுங்கள்.

அலைவழி (கன்னியாகுமரி):

தெளிவான விளக்கத்துக்கு நன்றி. கழுத்தில் உரசிப் புண்ணாவதைத் தடுக்க வாசலின் தடவலாமா?

கரையோரப்_பயிற்சி (புதுச்சேரி):

நீச்சலுக்கென்று விற்கும், பெட்ரோலியம் கலக்காத களிம்பைப் பின்கழுத்திலும் கணுக்காலிலும் தடவுங்கள். வாசலின் காலப்போக்கில் நியோப்ரீனையும் ஒட்டுப்பசையையும் கெடுக்கும் என்று பல தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். தவிர, அது விரலில் பட்டுக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் போட்டி முழுவதும் மங்கலாகத்தான் தெரியும். நீந்தி முடித்ததும் உடையை நல்ல நீரில் அலசி, உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் கொடியில் போட்டால் நியோப்ரீன் இறுகி வெடிக்கும். சலவை இயந்திரம் கூடவே கூடாது. விமானத்தில் கொண்டுபோகும்போது இறுக்கி மடிக்காமல் தளர்வாகச் சுருட்டி, கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் உங்களுக்குப் பொருந்திய உடை கையில் இருக்கும்.