மறு: இன்ஃபில்ட்ரேஷன் – ‘மொய்ப்பு’ ஆகுமா?

> கிருமி நுழைந்தாலும் வெள்ளணு நுழைந்தாலும் நுழைவது நுழைவதுதானே? ‘ஊடுருவல்’ என்றே வைத்துக்கொள்ளலாம்.

வணக்கம் ஐயா. அழற்சியில் வெள்ளணுக்கள் திசுவுக்குள் வந்து குவிவதை மருத்துவர்கள் ‘இன்ஃபில்ட்ரேஷன்’ என்கிறார்கள்; அதற்குத் தமிழில் ‘மொய்ப்பு’ ஆகுமா, ‘ஊடுருவல்’ போதுமா என்பதே பேச்சு. ‘ஊடுருவல்’ போதும் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. குடல்வால் அழற்சியை (அப்பெண்டிசைடிஸ்) பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரிந்துவிடும்.

குடல்வாலின் வாய் மலக்கல்லாலோ வீங்கிய நிணநீர்த் திசுவாலோ அடைபடுகிறது. உள்ளே சளி சுரப்பது நிற்காது. போக வழியில்லாமல் அழுத்தம் ஏறும். மெல்லிய சிரைகள் முதலில் நசுங்கும். தமனி ரத்தமோ வந்துகொண்டே இருக்கும். சுவர் ஊதிச் சிவக்கும். அப்போது தொப்புளைச் சுற்றி மந்தமான வலிதான். பிறகு ரத்த ஓட்டம் குன்றி உட்சவ்வு புண்ணாகும். அந்த வழியாகக் குடல் பாக்டீரியா சுவருக்குள் இறங்கும். இது ஊடுருவல், சரி.

அடுத்து நியூட்ரோஃபில்கள், கிருமியை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளணுக்கள். திசுவிலிருந்து கசியும் வேதிப்பொருள்களின் தடம் பிடித்து, நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி, செல் இடுக்குகளில் நெளிந்து வெளியே வந்து தசையடுக்கில் குவியும். நோய்க்கூற்று மருத்துவர் நுண்ணோக்கியில் தேடுவது இந்தக் குவியலைத்தான். அவர் அறிக்கையில் “தசையடுக்கில் ஊடுருவல்” என்று எழுதினால் உள்ளே வந்தது கிருமியா, அதை எதிர்க்க வந்த அணுவா?

> மொய் என்றால் கல்யாண வீடுதான் நினைவுக்கு வரும்.

வரட்டுமே, ஈ மொய்ப்பதும் வரும். நிகண்டுகளில் ‘மொய்’ என்பதற்குக் கூட்டம், போர் இரண்டும் உண்டு. இங்கே இரண்டுமே பொருந்துகிறது. ‘நியூட்ரோஃபில் மொய்ப்பு’ என்று சொன்னால் விளக்கமே வேண்டாம். இன்ஃபில்ட்ரேஷனுக்குச் ‘செறிவு’ போதும் என்றவருக்கு: அதை ‘கான்சன்ட்ரேஷன்’ என்பதற்கு வேதியியல்காரர்கள் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்பவர்களுக்கு ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நோயைப் பெரும்பாலும் ‘பெரிடிஃப்லைடிஸ்’ என்றார்கள், அதாவது பெருங்குடலின் தொடக்கப் பகுதியைச் சுற்றிய அழற்சி. அதனால் பழி அந்தப் பகுதி மேல் விழுந்தது. 1886இல் ஹார்வர்டின் ரெஜினால்ட் ஃபிட்ஸ் ‘அப்பெண்டிசைடிஸ்’ என்று பெயரிட்டு, காலம் தாழ்த்தாமல் அறுத்தெடுக்கச் சொன்னார். பெயர் சரியான உறுப்பைக் காட்டியது, கத்தியும் அங்கே போனது.

இன்னொன்றும் பாக்கி. அழற்சி வெளியுறை வரை எட்டி வலி வலது அடிவயிற்றுக்கு மாறிய பிறகு, கொழுப்பு மடிப்பும் பக்கத்துக் குடலும் வந்து ஒட்டி ஒரு திரட்சி உண்டாகிறதே, டாக்டர்கள் ‘மாஸ்’ என்பது, அதைக் ‘கட்டி’ என்றால் நோயாளி புற்றுநோயோ என்று பயப்படுவார். ‘சீழ்க்கட்டி’ வேறு தனியாக இருக்கிறது. ‘குடல்வால் திரளை’ என்று வைக்கலாமா? அறுவை மருத்துவர்கள் யாராவது சொல்லுங்கள்.