கேபினட் இடுக்கில் படிந்த தூசிக் கோடு

கம்ப்யூட்டரைக் குளிரவைக்க நான் செய்த வேலைதான் உள்ளே தூசியைச் சேர்த்திருக்கிறது. இரண்டு வருடம் கழித்துத்தான் புரிந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கேம் ஆடும்போது ப்ராசசர் 80 டிகிரியைத் தொட்டது. சூடு வெளியே போனால் போதும் என்று நினைத்து, பின்னால் ஒன்று, மேலே இரண்டு என மூன்று ஃபேன்களை வெளியே தள்ளும்படி மாட்டினேன். உள்ளே இழுக்க முன்பக்கம் ஒன்றே ஒன்று. சில மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி 95ஐத் தாண்டியது. அந்தச் சூட்டில் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், படம் திக்கித் திக்கி ஓடும்.

திறப்பதற்கு முன்பே ஒன்று கண்ணில் பட்டது. டிவிடி டிரைவ் மூடியைச் சுற்றி, யுஎஸ்பி துளைகளின் ஓரத்தில், பின்னால் காலி ஸ்லாட்டுகளின் இடுக்கில், பென்சிலால் இழுத்த மாதிரி சாம்பல் நிறக் கோடு. முன்பக்க ஃபில்டரில் அவ்வளவு தூசி இல்லை. வெளியே போகிற அளவுக்குக் காற்று முன்பக்கமாக வராததால், மிச்சத்தைப் பெட்டி கிடைத்த சந்திலெல்லாம் இழுத்திருக்கிறது. சந்துகளில் ஃபில்டர் ஏது?

உள்ளே ஹீட் சிங்க் (ப்ராசசரின் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தகடுகள்) மேலோட்டமாகப் பார்க்கச் சுத்தமாகத்தான் தெரிந்தது. அதன் ஃபேனைக் கழற்றினேன். ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே கம்பளித் துண்டு போல ஒரு படலம். ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் முழுசாக உரிந்து வந்தது, அடிப்பக்கத்தில் தகடுகளின் தடம் வரிவரியாகப் பதிந்திருந்தது. மேலாக ஊதிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை அந்த ஃபேனைக் கழற்றிப் பாருங்கள்.

இப்போது முன்னால் இரண்டு 120 மி.மீ. ஃபேன்கள் உள்ளே இழுக்கின்றன, பின்னால் ஒன்று வெளியே தள்ளுகிறது. மேல்பக்கத் துளைகளையும் காலி ஸ்லாட்டுகளையும் மூடிவிட்டேன். ஃபேன் எந்தப் பக்கம் தள்ளும் என்று குழப்பம் வந்தால் சட்டத்தில் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால், மோட்டாரைத் தாங்கும் கம்பிகள் இருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும். எட்டு மாதம் ஆகிறது. தூசியெல்லாம் ஃபில்டரில்தான் நிற்கிறது, இடுக்குகளில் கோடே இல்லை.

*

நான் இதைவிட மோசம். பக்கத் தகட்டையே கழற்றி வைத்து, எதிரே டேபிள் ஃபேனைப் போட்டேன். அன்றைக்கு சூடு இறங்கியது உண்மைதான். மூன்றே மாதத்தில் கிராஃபிக்ஸ் கார்டு ஃபேன் கரகரக்க ஆரம்பித்தது, பிளேடெல்லாம் பூனை முடி. பெட்டி தரையில் வேறு இருந்தது. இப்போது தகட்டை மூடி மேஜைமேல் ஏற்றிவிட்டேன்.

*

ஃபில்டர் விஷயத்தில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பழைய நைலான் காலுறையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டினேன். தூசி நின்றது, கூடவே காற்றும் நின்றது. ஒரே மடிப்பாக மாற்றிய பிறகுதான் சூடு பழைய நிலைக்கு வந்தது. எந்த ஃபில்டராக இருந்தாலும் அடைத்துக்கொண்டால் கெடுதல்தான். நான் மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுகிறேன்.

*

அண்ணா, ஒரு சந்தேகம். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் விர்ரென்று சுற்றுகிறதே, அது சரியா?

*

இல்லை தம்பி, பிளேடை விரலால் பிடித்துக்கொள். அளவுக்கு மீறிச் சுற்றினால் பேரிங் கெடும். அந்த மோட்டார் ஜெனரேட்டர் போல மின்சாரமும் உண்டாக்கும், அது போர்டுக்கு நல்லதல்ல. கேனில் அடைத்து விற்கும் காற்று என்றால் கேனை நிமிர்த்திப் பிடி, கவிழ்த்தால் திரவமாகக் கொட்டும். வேக்வம் கிளீனர் குழாயை போர்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதே, ஸ்டாட்டிக் (நிலைமின்சாரம்) வரும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெளியிலிருந்து ஊதினால் போதும்.

இன்னொன்று. உன் பெட்டி இடுக்குகள் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கிறதா வெளியே தள்ளுகிறதா என்று தெரிய, டிஷ்யூ பேப்பரை மெல்லிசாகக் கிழித்து இடுக்குகளுக்கு அருகே பிடித்துப் பார். உள்ளே இழுத்தால் அந்த வழியாகத் தூசி போகிறது என்று அர்த்தம்.

*

இப்போதுதான் பிடித்துப் பார்த்தேன் அண்ணா. டிவிடி டிரைவ் மூடியில் போய் ஒட்டிக்கொண்டது, கையை எடுத்தும் விழவில்லை. மேலே இருக்கும் ஒரு ஃபேனை நாளைக்கு முன்பக்கம் மாற்றிவிட்டு மறுபடி எழுதுகிறேன்.