ஜெல்லா, கமர்கட்டா? நீண்ட சைக்கிள் பயணத்தில் நாம் சாப்பிட்டதும் வயிறு சொன்னதும்

தொடங்கியவர், சென்னை

மரக்காணம் உப்பளத்துக்கு எதிரே ஒரு பனைமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாலை மூன்று மணி. 300 பி.ஆர்.எம், அதாவது கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 300 கிலோமீட்டர் சைக்கிள் பயணம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி, புதுச்சேரி போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 185 கிலோமீட்டர் முடிந்திருந்தது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். எனக்கோ தலை சுற்றல், குமட்டல், தொடையில் பிடிப்பு. ஜெர்சிப் பையில் இன்னும் நான்கு எனர்ஜி ஜெல் பொட்டலம் இருந்தது. ஒன்றை எடுத்து முனையைக் கிழித்தேன். வெயிலில் சூடாகியிருந்த அந்தச் செயற்கை ஸ்ட்ராபெர்ரி வாசனை மூக்கில் ஏறியதுமே உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

200 வரைக்கும் எனக்குச் சிக்கலே வந்ததில்லை. பிஸ்கட், வாழைப்பழம், வழியில் டீ என்று ஓட்டிவிடுவேன். 300 என்றதும் இந்த முறை முறையாகச் செய்யலாம் என்று நினைத்துவிட்டேன். 12 ஜெல் வாங்கினேன், நூறு ரூபாய்க்குக் குறைந்து ஒன்றும் இல்லை. மணிக்கு ஒன்று என்று கணக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஜெல்லையும் பாட்டிலில் கலந்து வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் டிரிங்கோடு விழுங்கினேன். வேறு எதுவும் சாப்பிடவில்லை. புதுச்சேரியில் கூட வந்தவர்கள் இட்லி சாப்பிட்டபோது, நேரம் போகிறதே என்று, வந்து சேர்ந்ததற்கான முத்திரையைக் கார்டில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைக் காப்பாற்றியது பக்கத்து டீக்கடை. உப்பு தூக்கலாகப் போட்ட மோர் இரண்டு டம்ளர். அரைமணி நேரம் பெஞ்சில் படுத்தேன். அப்புறம் ஒரு பொட்டலம் புளிசாதம், கொஞ்சம் கொஞ்சமாக. 20 மணி நேரக் கெடுவில் 19 மணி 10 நிமிடத்தில் முடித்தேன். மீதித் தூரத்தில் ஜெல்லைத் தொடவே இல்லை. ஜெல் என்பதே நம் வெயிலுக்கு ஒத்துவராத சரக்கு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?

பெங்களூரிலிருந்து ஒருவர்

அண்ணா, பழியை ஜெல் மேல் போட்டுவிட்டீர்கள். ஜெல்லை எதோடு குடித்தீர்கள் என்று பாருங்கள்.

ஜெல் என்பது கெட்டியான சர்க்கரைப் பாகு. பெரும்பாலும் மால்டோடெக்ஸ்ட்ரின் (குளுக்கோஸ் கோத்த மாவுப்பொருள்), கூடவே கொஞ்சம் ஃப்ரக்டோஸ் (பழச் சர்க்கரை). அதை வெறும் தண்ணீரோடு, 150 முதல் 200 மில்லி வரை சேர்த்துக் குடிக்க வேண்டும். தண்ணீர் வேண்டாம் என்று போட்டு வரும் ஐசோடானிக் வகை வேறு கணக்கு. அதில் தண்ணீர் முன்பே கலந்திருக்கும், பொட்டலமும் பெரிதாக இருக்கும். நீங்கள் பாகின் மேல் இன்னொரு பாகை ஊற்றியிருக்கிறீர்கள். அவ்வளவு அடர்த்தியை வயிறு சட்டென்று கீழே தள்ளாது. குடலோ அதை நீர்க்க வைக்க உடம்பிலிருந்தே தண்ணீரை இழுக்கும். ஏற்கெனவே வியர்வையில் வற்றிப்போன உடம்பு. குமட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, அளவு. ஒரு ஜெல்லில் 22 முதல் 25 கிராம் கார்ப் (மாவுச்சத்து). மணிக்கு ஒன்று என்றால் ஜெல்லிலிருந்து அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு மணிக்கு 60 கிராம் என்பது வெகுகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் ஏற்பது ஏறத்தாழ அவ்வளவுதான். ஃப்ரக்டோஸ் வேறு வாசல் வழியாக உள்ளே போகிறது, அதனால் இரண்டையும் கலந்தால் 90 வரை போகலாம். பொட்டலத்தில் 2:1 என்று போட்டிருப்பது இந்தக் கலவையைத்தான். பி.ஆர்.எம் வேகத்துக்கு 90 எல்லாம் தேவையில்லை, கொழுப்பும் கூடவே எரியும். ஆனால் 25 போதாது.

நான் ஜெல் வாங்குவதை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிறது. சாதாரண வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான். சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் காய்ச்சி, எலுமிச்சைச் சாறும் உப்பும் சேர்த்து, சின்ன சாஸ் பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போகிறேன். 50 கிராம் சர்க்கரை என்றால் 50 கிராம் கார்ப், இதைவிட எளிய கணக்கு கிடையாது. ஒரு கிலோ சர்க்கரை விலைக்கு ஒரு ஜெல்கூட வராது. முதல் முறை மூடியைச் சரியாகத் திருகாமல் விட்டேன். முதுகெல்லாம் பாகு, அதில் எறும்பு. அது தனிக் கதை.

தொடங்கியவர்

தம்பி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள். பொட்டலத்தின் பின்பக்கம் "தண்ணீருடன் அருந்தவும்" என்று கொட்டை எழுத்தில்தான் போட்டிருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். 

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பெண்

சமவெளிக்காரர்கள் பேசி முடித்தாயிற்று, மலைக்கு வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஏற்றமான ஏற்றம். மாதம் ஒரு முறையாவது போகிறோம்.

ஆரம்பத்தில் என் பையில் கடலை மிட்டாய்தான். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இனி இதுதான் என் எனர்ஜி பார் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சமதரையில் இன்றும் அதுதான். ஏற்றத்தில் ஒத்துவரவில்லை. காரணம் எளிது: மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது. ஒரு துணுக்கு தவறான குழாயில் போய், நடுவளைவில் இறங்கி நின்று பத்து நிமிடம் இருமினேன். பின்னால் வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து தண்ணீர் கொடுத்தார். தவிர, கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய். ஜீரணமாக நேரம் எடுக்கும். ஏறும்போது வேண்டியது உடனே ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை. ஆகவே கடலை மிட்டாயை ஏற்றம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தின்றுவிடுகிறேன்.

ஏற்றத்துக்கு நான் கண்டுபிடித்தது கமர்கட்டு! கன்னத்தில் அடக்கிக்கொண்டால் கால்மணி நேரம் வரும். வெல்லப் பாகு மெதுவாகக் கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும். மெல்லவும் வேண்டாம், பிரேக்கிலிருந்து கையை எடுக்கவும் வேண்டாம். ஒன்றில் அதிகம் கார்ப் இல்லைதான், வயிற்றுப் பசிக்கு அது பதில் ஆகாது. ஆனால் வாய் இனிப்பாக இருந்தால் கால் கேட்கிறது, அது ஏன் என்று நான் ஆராயவில்லை.

ஜெல்லும் வைத்திருப்பேன், ஒன்றே ஒன்று, காஃபின் உள்ளது, கடைசி 10 கிலோமீட்டருக்கு. ஒரு முறை மாலையில் ஓட்டியபோது அதைக் குடித்துவிட்டு இரவு இரண்டு மணி வரை விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பொட்டலத்தில் காஃபின் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். எல்லா ஜெல்லிலும் இருக்காது, சிலவற்றில் ஒரு காபிக்கு மேல் இருக்கும்.

குரங்கைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. வளைவில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன், ஜெர்சியின் பின்பையில் வாழைப்பழம் பாதி வெளியே தெரிந்தது. முதுகில் ஒரு கை. திரும்பினால் பழம் சுவர் மேல் இருக்கிறது, கூடவே என் கையுறை ஒன்றும். பழம் போகட்டும், கையுறையைத் தின்று பார்த்துவிட்டுப் பள்ளத்தில் எறிந்தது. மலைக்கு வாழைப்பழம் வேண்டாம், எடுத்துப்போனால் பைக்குள் மறைத்து வையுங்கள். ஜெல் பொட்டலத்தின் கிழித்த முனையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நகம் அளவு துண்டு, ஆளாளுக்குக் காற்றில் விட்டுவிட்டுப் போகிறார்கள். முழுதாகக் கிழிக்காமல் ஒரு ஓரம் ஒட்டியிருக்கும்படி கிழித்தால் அது பொட்டலத்தோடே பைக்குள் போய்விடும்.

மதுரையிலிருந்து ஒருவர்

நான் சொல்லப்போவது கொஞ்சம் வேறு மாதிரி. எனக்கு டைப் 1 சர்க்கரை நோய், பள்ளி நாட்களிலிருந்து இன்சுலின். உங்களுக்கு ஜெல் தின்பண்டம், எனக்கு மருந்துப் பெட்டி.

அழகர்கோயில் பக்கம் 60 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு நாள் கை நடுங்கியது, வியர்வை வேறு மாதிரி வந்தது. ரத்தச் சர்க்கரை மீட்டரில் 58. நிறுத்திவிட்டு, பையில் இருந்த கடலை மிட்டாயைத் தின்றேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 61. கொழுப்பு உள்ள பண்டம் அவசரத்துக்கு உதவாது என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அன்றுதான் புரிந்தது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு: 70-க்குக் கீழே இறங்கினால் சட்டென்று ஏறும் சர்க்கரை 15 கிராம், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பரிசோதனை. அதற்கு ஜெல் அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. ஒரு கையால் கிழிக்கலாம், எத்தனை கிராம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இரண்டு ஜெல் எப்போதும் சீட்டுக்கு அடியில் உள்ள பையில் இருக்கும், கூட வருபவர்களுக்கும் அது எங்கே என்று தெரியும்.

நெடுந்தூரம் ஓட்டிய அன்று இரவு தூக்கத்திலும் சர்க்கரை இறங்கலாம். இன்சுலின் போடும் நண்பர்கள், ஓட்டும் நாளுக்கு எவ்வளவு குறைப்பது என்பதை உங்கள் மருத்துவரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

பெயர் வேண்டாம் என்றவர்

200-இன் பாதியில் பரோட்டா சால்னா சாப்பிட்டேன். நான்கு. அடுத்த 40 கிலோமீட்டர் சால்னாதான் என்னை ஓட்டியது. வேறு ஒன்றும் சொல்வதற்கில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர்

உங்கட மரக்காணத்துக் கதையை வாசிக்க எனக்கு ஆனையிறவு ஞாபகம் வந்தது. விடியக் காலமை யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வழியாகக் கிளிநொச்சி போய், மத்தியானத்துக்கு முன் திரும்புவது எங்களுக்கு வழக்கம். ஆனையிறவில் இரண்டு பக்கமும் கடல்நீரேரி, மர நிழல் ஒன்றும் கிடையாது, எதிர்க்காற்று வேறு. அங்கேயும் உப்பளம்தான்.

நாங்கள் ஜெல் வாங்குவதில்லை. வாங்க நினைத்தாலும் இங்கே எல்லாக் கடைகளிலும் கிடைக்காது, விலையும் கட்டாது. பனங்கட்டிக் குட்டான் கொண்டு போவோம். பனையோலையில் பின்னிய சின்னப் பெட்டிதான் குட்டான், அதற்குள் பனங்கட்டி, உங்கட கருப்பட்டி. ஓலையைப் பிரித்து வாயில் போட்டால் போதும். ஓலையை வேலியோரம் போட்டாலும் உக்கிப் போகும், கோத்தகிரி அக்காவின் கவலை எங்களுக்கு இல்லை. வெயிலுக்கு இளகும், ஆனால் சொக்லேட் மாதிரி ஓடாது. திரும்பி வரும்போது எள்ளுருண்டை. அதுவும் கடலை மிட்டாய் மாதிரித்தான், எண்ணெய் கூட, ஆகவே ஆறுதலாக, மெதுவாக ஓட்டும்போது மட்டும்.

இளநீர் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் முதலில் இளநீரை மட்டும் நம்பியிருந்தேன். இரண்டு இளநீர் குடித்தும் பரந்தன் தாண்டி நாரிப் பிடிப்பும் (இடுப்புப் பிடிப்பு) கால் பிடிப்பும் விடவில்லை. இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். இப்போது இளநீருக்குள் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடிக்கிறேன். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

பெங்களூர்க்காரர் மறுபடியும்

சோடியம் பேச்சு வந்ததால் ஒன்று. மருந்துக்கடையில் கிடைக்கும், உலக சுகாதார நிறுவனத்தின் கலவைப்படியான ஓ.ஆர்.எஸ் தூள் ஒரு லிட்டருக்கு 20.5 கிராம், அதில் 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். உப்புக்கு அது நல்ல வழி, ஆனால் பசிக்கு அல்ல. ஒரு லிட்டர் முழுதும் குடித்தாலும் அரை வாழைப்பழத்துக்குச் சற்று மேல்தான். அரைப் பொட்டலத்தை ஒரு பாட்டிலில் கொட்டிக் கண்ணளவாகக் கலக்காதீர்கள், பொட்டலத்துக்கு ஒரு லிட்டர் என்றால் ஒரு லிட்டர்தான். அதே போல வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் ஆஸ்பத்திரிவரை போக வேண்டி வரும்.

தொடங்கியவர், ஒன்றரை மாதம் கழித்து

நேற்று அதே சாலையில் தனியாக 200. கடப்பாக்கம் வரை போய்த் திரும்பினேன். நீங்கள் எல்லாரும் எழுதியதை ஒரு தாளில் எழுதி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை குறுகிய தூரத்தில் சோதித்துப் பார்த்த பிறகு.

வீட்டில் பொடி தடவின மினி இட்லி கட்டித் தந்தார்கள். நல்லெண்ணெயைக் குறைக்கச் சொன்னதற்கு மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனாலும் குறைத்தார். ஹேண்டில் பையில் வைத்து முதல் 60 கிலோமீட்டருக்கு ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டே போனேன். அடுத்தது புளிசாதம், எலுமிச்சை அளவு உருண்டையாகப் பிடித்து, வாழையிலையில் சுற்றி. டூர் டி பிரான்ஸ் வீரர்களுக்குச் சோற்றை அமுக்கிக் கட்டிகளாக வெட்டி, தாளில் சுற்றிக் கொடுப்பார்கள் என்று படித்திருக்கிறேன். நம் கட்டுச்சோறுதான் அது, புளியும் உப்பும் உபரி. இனிப்பு திகட்டிய வாய்க்கு அந்தப் புளிப்பு என்ன சுகம் என்று வெயிலில் 100 கிலோமீட்டர் ஓட்டியவருக்குத்தான் தெரியும். ஒரு பாட்டிலில் ஓ.ஆர்.எஸ், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கடிகாரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒரு மணி அடிக்கும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் ஒரு வாய். பசித்த பிறகு தின்றால் காலம் கடந்துவிடுகிறது, அதுதான் அன்று நடந்தது.

கமர்கட்டு இரண்டு. ஈ.சி.ஆரில் ஏற்றமே இல்லையே என்று கேட்காதீர்கள், ஆசை.

ஜெல்லையும் விடவில்லை. மூன்று எடுத்துப்போனேன். 150 தாண்டி, மென்று மென்று அலுத்துப்போனபோது ஒன்று, மாமல்லபுரம் கடந்த பிறகு எதிர்க்காற்றில் ஒன்று, இரண்டுமே வெறும் தண்ணீரோடு. அதே ஸ்ட்ராபெர்ரிதான். குமட்டவில்லை. பத்து மணி நேரத்துக்குள் வீட்டில் இருந்தேன்.

மூன்றாவதை ஜெர்சிப் பையிலேயே மறந்து வாஷிங் மெஷினில் போட்டுவிட்டேன். இன்று காலை என் மகளின் பள்ளிச் சட்டையில் ஸ்ட்ராபெர்ரி வாசனை வருகிறது. இட்லி இனிமேல் கிடைக்குமா என்று தெரியவில்லை.