கன்சர்வன்சிக்கு "காப்பகம்" வேணாம், "ஊர்க்காப்புத் தரவை" சரியா வருமா?

அண்ணே வணக்கம். கென்யா பத்தின நம்ம கட்டுரைல வர்ற கன்சர்வன்சிக்கு, அதாவது சனங்களே தங்க நிலத்துல காட்டுயிரையும் காக்குற ஏற்பாட்டுக்கு, நேத்து நீங்க "சமுதாய வனவிலங்குக் காப்பகம்"னு போட்டிருந்தீங்க, அதுல காப்பகந்தான் எனக்கு உறுத்துது. கன்சர்வன்சின்னே எழுதிரலாம்னு தம்பி சொன்னதும் சரிப்படாது, நம்ம நகராட்சில கன்சர்வன்சின்னா துப்புரவுப் பணி.

மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் 1986ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்கள்ல, எங்க பாம்பன் பக்கம் அந்தத் தீவுகள ஒட்டி முங்கி கடல்பாசி எடுத்துப் பொழைக்கிறவங்க பொம்பளைங்க. எங்க சித்திய ஒருதடவ வனத்துறைக்காரங்க பாசிப் பையோட பிடிச்சு வச்சு பொழுது சாயத்தான் விட்டாங்க. அவங்களுக்கு காப்பகம்னா "உள்ள வராத"ன்னுதான் அர்த்தம்.

கென்யாவுல நடக்குறது நேர் எதிர்ணே. சம்புரு பகுதில நமுன்யாக்னு ஒரு கன்சர்வன்சி, நிலம் ஆடுமாடு மேய்க்கிற சனங்களோடது, மந்தையும் மேயும் யானையும் மேயும். 2016ல அங்க ரெட்டெட்டின்னு தாயில்லா யானைக்குட்டிகளுக்கு ஒரு எடம் தொடங்கி, வளக்குற வேலைல சம்புரு பொண்ணுங்களும் இருக்காங்க, குட்டிக்கு ஆட்டுப்பால் குடுக்குறாங்க, அத அக்கம்பக்கத்து பொம்பளைங்ககிட்டதான் காசு குடுத்து வாங்குறாங்க. மழை பொய்ச்சா மாடு முதல்ல விழுந்துரும், ஆடு கருவேலங்காயத் தின்னாவது நிக்கும்னு நம்ம மாவட்டத்துல யாருக்கும் சொல்லணுமா, அப்ப அந்தப் பால் காசு ஒரு வீட்டுக்கு எவ்வளவு பெருசுன்னு பாருங்க. அதப் போயி என் சித்திய வெரட்டுன சொல்லால எழுத எனக்கு மனசு வரல.

ரேஞ்ச்லேண்டுக்கு "மேய்ச்சல் நிலம்" தப்பில்ல, ஆனா மேய்ச்சல் வெளிக்கு நம்மகிட்ட தரவைன்னு சொல்லே இருக்கே! "ஆட்ட தரவைல பத்திவிடு"ன்னு அப்பத்தா சொல்லும், வாலாந்தரவைன்னு ஊர்ப்பேரே இருக்கு, மட்டக்களப்புலயும் மேய்ச்சல் தரவைன்னு சொல்றாங்க. காடு மட்டுமில்லாம பொட்டவெளியும் சேந்த எடத்துக்கு "வனவிலங்கு"ங்கிற சொல் எதுக்கு, "காட்டுயிர்" போதும்.

மேய்க்கிறவங்க எடம் மாறிட்டே இருப்பாங்களே, "ஊர்" பொருந்துமான்னு கேட்டிருந்தீங்க. நம்ம ஆடு மேய்க்கிற கீதாரி ஆட்டுக்கிடையோட தஞ்சாவூர்ப் பக்கம் போயிட்டா ஊர்க்காரர் இல்லன்னு ஆயிருமா? அக்கா கேட்ட கேள்விதான் கஷ்டம், ஊர்னா கூட்டத்துல உக்கார்ற ஆம்பளைங்க மட்டுந்தானேன்னு. ரெண்டு நாளா அதத்தான் யோசிச்சேன். ஆனா மாசத்துல அமாவாசைய ஒட்டி ஆறு நாள் பௌர்ணமிய ஒட்டி ஆறு நாள், மொத்தம் 12 நாள்தான் பாசி எடுக்கிறதுன்னு கட்டுப்பாடு வச்சது இந்தக் கடக்கர பொம்பளைங்கதான, அது ஊர்க்காப்பு இல்லாம வேற என்ன? அவங்க செஞ்ச காரியத்துக்கு ஊர்ங்கிற பேர ஆம்பளைங்களுக்கு விட்டுக்குடுக்க வேணாம்னுதான் நான் சொல்றேன் அக்கா.

அதனால கன்சர்வன்சிக்கு ஊர்க்காப்புத் தரவை, நம்ம பக்கத்துக்கு எழுதும்போது ஊர்க்காப்புக் கடல். "ஊர்க்காவல்" வேணாம், படை ஞாபகம் வந்துரும். ஒற்று சரியா விழுந்திருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்கண்ணே, கட்டுரைய வெள்ளிக்கிழம அனுப்பணும்.