தோள் வலி, மூன்று வார ஓய்வு: பலம் போய்விடுமா?

கேள்வி:
பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து பளுக் கம்பியை மேலே தள்ளுவது) 80 கிலோவைத் தொட எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்போது பாரை இறக்கும்போது வலது தோள் சுருக்கென்கிறது. மூன்று வாரம் பளு தூக்கக் கூடாது என்று பிசியோ சொல்லிவிட்டார். ஐந்தாம் நாளே சட்டை தொளதொளவென்று இருக்கிறது. எல்லாம் போய்விடுமா?

பதில் 1:
ஐந்து நாளில் தசை கரையாது. குறைவது தசையில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரையான கிளைகோஜனும் அதோடு சேர்ந்த தண்ணீரும்தான். இரண்டு மூன்று வாரத்தில் பலம் பெரிதாக இறங்காது. நான் முதுகு பிடித்து ஒரு மாதம் கிடந்தேன். டெட்லிஃப்டில் (தரையிலிருந்து பளு தூக்குவது) 120 கிலோ 105 ஆனது, மூன்றே வாரத்தில் திரும்பியது. முதல் நாளே பழைய எடையைத் தொட்டுப் பார்க்கும் ஆசைதான் ஆபத்து. (நான் தொட்டேன். கேட்காதீர்கள்.)

பதில் 2:
தோள்தானே? கால் என்ன பாவம் செய்தது? பிசியோவிடம் கேட்டுவிட்டு அதற்குப் பயிற்சி கொடுங்கள். வாரம் ஒரு நாள் போதும். செட்டை, அதாவது சுற்றுகளைக் குறைக்கலாம், எடையைக் குறைக்காதீர்கள். இடது கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும் வலது கை பலம் இழப்பது மட்டுப்படும், நரம்பு மண்டலத்தின் உபயம். அப்புறம் புரதம்: உடல் எடையில் கிலோவுக்கு தினம் 1.6 கிராம் அளவில் இருக்கட்டும்.

கேட்டவர்:
பிசியோ சரி என்றார், நாளை லெக் பிரஸ். சட்டை போன வருடமே தொளதொளதான் என்கிறார் மனைவி.