பாஸ் கிட்டார் சாம்பிள்: நிஜமாய் ஒலிக்க நீங்கள் பட்ட பாடு

நண்பர்களே, வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டிங் செய்கிறவன் நான். டிரம்ஸ், பியானோ எல்லாம் ஓரளவு கைக்கு வந்துவிட்டது. பாஸ் மட்டும் இன்னும் உயிரை வாங்குகிறது. என் கதையை முதலில் சொல்கிறேன், அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

ஆரம்பத்தில் ஜெனரல் மிடி பாஸ்தான், அதாவது கம்ப்யூட்டர் இசைக்கான பொதுவான ஒலி வரிசையில் இருக்கும் பாஸ். 1991இல் வந்த அந்த வரிசையில் 33 முதல் 40 வரை எட்டு எண்கள் பாஸுக்கு ஒதுக்கியிருப்பார்கள். 34 விரலால் வாசிப்பது, 35 பிக், 36 ஃபிரெட்லெஸ் (கழுத்தில் ஃபிரெட் எனும் உலோகக் கோடுகள் இல்லாதது) என்று போகும். நான் 34ஐ விட்டு நகர்ந்ததில்லை. கேட்டால் பாஸ் என்று தெரியும், யாரோ வாசிக்கிறார்கள் என்று மட்டும் தோன்றவே தோன்றாது. பிறகு காசு கொடுத்து ஒரு பெரிய சாம்பிள் லைப்ரரி (நிஜ பாஸின் நோட்டுகளைப் பதிவு செய்த தொகுப்பு) வாங்கினேன், பெயர் வேண்டாம். டெமோவைக் கேட்டபோது புல்லரித்தது. என் பாட்டில் போட்டால் அதே கீபோர்டு வாடை. லைப்ரரிதான் சரியில்லை என்று இன்னொன்று, அதுவும் சரியில்லை என்று வேறொன்று. ஹார்டு டிஸ்க் நிரம்பியதுதான் மிச்சம்.

ஒருநாள் பாஸ் வாசிக்கிற நண்பர் வந்திருந்தார். பாஸ் டிராக்கை மட்டும் தனியாக ஓடவிடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எட்டு பார் (தாளக் கட்டம்) தாண்டியதும், "இதை வாசிக்கிற ஆளுக்கு இடது கை எத்தனை?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவரே தன் கிட்டாரை எடுத்துக் காட்டினார். என் டிராக்கில் தடித்த இ கம்பியின் முதல் ஃபிரெட்டில் ஒரு எஃப் வருகிறது. அடுத்த பதினாறாம் பங்கு நோட்டிலேயே ஜி கம்பியின் 14ஆம் ஃபிரெட்டில் ஒரு ஏ. கம்பியின் நீளம் 34 அங்குலம், அந்த இரண்டு ஃபிரெட்டுக்கும் நடுவே கிட்டத்தட்ட 17 அங்குலம். கீபோர்டில் எனக்கு இரண்டு கை இருந்ததால் அது ஒரு தாவலாகவே படவில்லை. அது போதாது என்று இ கம்பிக்கும் கீழே ஒரு டி வேறு வைத்திருந்தேன். நாலு கம்பி பாஸில், கம்பியை இறக்கிக் கட்டினாலொழிய அந்த நோட்டே கிடையாது. கீழே இருந்த கடைசி சாம்பிளை இழுத்து நீட்டி, சாஃப்ட்வேர் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டது.

பாஸை இரண்டு வாரம் என்னிடமே விட்டுப்போனார். வாசிக்கக் கற்றுக்கொண்டேன் என்று பொய் சொல்லமாட்டேன், விரல் கொப்பளித்ததுதான் நிஜம். ஆனால் ஒன்று பிடிபட்டது. ஒரே கம்பியில் அடுத்த நோட்டைச் சுண்டப்போகும் விரல், சுண்டுவதற்கு முன்பே கம்பியில் உட்காருகிறது. உட்கார்ந்ததும் பழைய நோட்டு செத்துவிடுகிறது. அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியை என் மிடியில் (கம்ப்யூட்டரில் எழுதிய நோட்டு வரிசையில்) எங்கேயும் விட்டிருக்கவில்லை, எல்லா நோட்டும் அடுத்த நோட்டை முட்டிக்கொண்டு நின்றன. இன்னொன்று, ஏ கம்பியை வெறுமனே சுண்டினால் வருகிற ஏ, இ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட்டிலும் இருக்கிறது. சுருதி ஒன்றுதான், குரல் வேறு. இ கம்பியில் வருவது தடித்து, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி இருக்கும். என் லைப்ரரியில் கம்பியைத் தேர்ந்தெடுக்க ஒரு கீ ஸ்விட்ச் இருந்திருக்கிறது, வாங்கி ஒன்றரை வருஷமாக அதை நான் தொட்டதே இல்லை!

பழைய பாட்டையெல்லாம் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன். நீங்கள் எங்கே இடித்துக்கொண்டீர்கள்?

———

சகோ, என் கதை இதைவிடக் கேவலம். ஒரு வாரம் முழுக்க பாஸ் ஒல்லியாக இருக்கிறது என்று ஈக்யூவில் (ஒலியின் அடி, மேல் அளவுகளைத் திருத்தும் கருவியில்) அடிப்பக்கத்தை ஏற்றிக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் நான் வாசித்ததே ஒரு ஆக்டேவ் மேலே.

சில சாஃப்ட்வேர் நடு சி-யை சி3 என்று எழுதும், சில சி4 என்று எழுதும். அதனால் பாஸின் கடைசி இ ஒரு இடத்தில் இ0, இன்னொரு இடத்தில் இ1. போதாக்குறைக்கு நொட்டேஷனில் பாஸ் கிட்டாரை ஒலிப்பதைவிட ஒரு ஆக்டேவ் மேலேதான் எழுதுவார்கள். நான் நொட்டேஷனைப் பார்த்து அப்படியே அடித்துவிட்டேன். எழுத்தை நம்பாதீர்கள், மிடி எண்ணைப் பாருங்கள். கடைசி இ என்றால் 28. ஐந்து கம்பி பாஸின் கடைசி பி என்றால் 23.

———

நான் வாங்குவதற்கு முன்னாலேயே சோதித்துப் பார்க்கிற கட்சி. அதற்குக் காரணமும் ஒரு அடிதான். இலவசமாகக் கிடைத்த ஒரு சவுண்ட்ஃபாண்ட்டில் (சாம்பிள் கோப்பில்) பாட்டு முழுக்க எட்டாம் பங்கு நோட்டாக ஒரே சுருதியில் ஓட்டியிருந்தேன். கேட்டவர் "என்ன, தையல் மெஷினா?" என்றார். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் வருகிற வினை அது.

அதிலிருந்து எந்த பாஸ் கையில் கிடைத்தாலும் முதலில் ஒரே நோட்டை, ஒரே வெலாசிட்டியில் (அடிக்கும் வேகத்தில்) எட்டு தடவை அடிப்பேன். ஒவ்வொன்றும் துளி மாறுகிறதா என்று கேட்பேன். மாறினால் ரவுண்ட் ராபின் (ஒரே நோட்டுக்குப் பல பதிவுகள் மாறி மாறி வருவது) இருக்கிறது என்று அர்த்தம். அடுத்து, கீழிருந்து அரை அரை ஸ்வரமாக மேலே ஏறுவேன். நடுவில் எங்காவது குரல் சட்டென்று ஆள் மாறினால், அந்த இடத்தில்தான் ஒரு சாம்பிளின் இழுவை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. கடைசியாக ஒரு இ-யைப் பிடித்துப் பத்து விநாடி விடாமல் இருப்பேன். நிஜக் கம்பியில் மேல் ஓசைகள் முதலில் வடியும், அடி மட்டும் நிற்கும். லூப் போட்ட சாம்பிளில் இரண்டும் சேர்ந்தே மங்கும், சிலவற்றில் மங்கவே மங்காது, தம்புரா மாதிரி நிற்கும்.

எஸ்எஃப்இசட் (SFZ) வகை லைப்ரரி என்றால் இன்னும் வசதி. அந்தக் கோப்பு வெறும் எழுத்துதான், நோட்பேடில் திறந்தே படிக்கலாம். ஒருமுறை "பல அடுக்கு வெலாசிட்டி" என்று பெருமையடித்த ஒன்றைத் திறந்து பார்த்தேன். நோட்டுக்கு இரண்டே அடுக்கு, 1 முதல் 90 வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. நான் பாடுபட்டு 60, 68, 75 என்று வரைந்த வெலாசிட்டி எல்லாம் ஒரே சாம்பிளின் வால்யூமைத்தான் ஏற்றி இறக்கியிருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்தக் கோப்புகளை வாசிக்க ஸ்ஃபோர்ஸாண்டோ என்ற இலவச பிளேயர் போதும். காசில்லாமல் தொடங்க நினைப்பவர்களுக்கு ஏம்பிள் பாஸ் பி லைட்டும் இருக்கிறது. லைட் என்றாலும் அதில் நான் முடித்த பாட்டுகள் உண்டு.

———

நான் பாஸ் வாசிப்பவன், அதனால் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். முதலில் எழுதிய நண்பர் சொன்னதில் கையும் கம்பியும் பற்றியது சத்தியம். ஆனால் "நிஜம்" என்று சொல்லி ஃபிரெட் உரசல், விரல் சத்தம் இதையெல்லாம் கூட்டிவைக்கிறார்களே, அதை என்னால் பொறுக்க முடியவில்லை. லைப்ரரிகளில் அதற்கென்று தனிக் குமிழே உண்டு. பாஸை மட்டும் தனியாகக் கேட்கும்போது ஜோராக இருக்கும். டிரம்ஸோடு சேர்ந்தால் ஹை-ஹாட்டுக்குப் பக்கத்தில் எலி பிறாண்டுவதுபோல இருக்கும். நாங்கள் பாடுபட்டு மறைக்கிற சத்தத்தை நீங்கள் காசு கொடுத்து வாங்குகிறீர்கள்.

கம்பி எந்த வகை என்று யாருமே பேசவில்லையே? ரவுண்ட்வவுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றிய) புதுக் கம்பியில் எடுத்த சாம்பிள் பளீரென்று பியானோ போல ஒலிக்கும். அறுபதுகளின் அமெரிக்க சோல் பாட்டுச் சாயலில் ஏதாவது செய்கிறவர் அதைப் போட்டால் ஒட்டவே ஒட்டாது. அந்தக் காலச் சோல் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது பிரிசிஷன் பாஸில், ஃப்ளாட்வவுண்ட் (தட்டை நாடா சுற்றிய) கம்பியில், அதுவும் ஒற்றை ஆள்காட்டி விரலால். அந்த டும் வேண்டுமென்றால் ஃப்ளாட்வவுண்டில் பதிவான சாம்பிளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் டோன் குமிழை முக்கால்வாசி இறக்கிப் பாருங்கள், பாதி தூரம் வந்துவிடலாம். மோடோ பாஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் சாம்பிளே இல்லாமல் கம்பியைக் கணக்காகவே போட்டு ஒலிக்கவைக்கின்றன. அதில் கம்பியின் வகை, வயது, எந்த இடத்தில் சுண்டுவது எல்லாம் மாற்றலாம். பழைய கம்பியாக வைத்துப் பார்த்தேன், என் வீட்டு பாஸ் ஞாபகம் வந்தது. நான் கம்பி மாற்றி வருஷமாகிறது.

இன்னொரு விஷயம், இதில் நானே ஏமாந்திருக்கிறேன். நிஜ பாஸை நேரடியாகக் கம்ப்யூட்டரின் இன்டர்ஃபேஸில் செருகி எடுத்த பாட்டு, ஹெட்ஃபோனில் மலை மாதிரி இருந்தது, போனில் போட்டால் பாஸே இல்லை. இ கம்பியின் அடி ஓசை 41 ஹெர்ட்ஸ், அதைப் போன் ஸ்பீக்கர் எங்கே வாசிக்கப்போகிறது? அதற்கு மேலே வரிசையாக நிற்கும் மடங்கு ஓசைகளை வைத்துத்தான் காது அடியை ஊகிக்கிறது. அதனால் சாம்பிளாக இருந்தாலும் டிராக்கை இரண்டாகப் பிரிப்பேன். ஒன்றில் சுமார் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும், சுத்தமாக, கம்ப்ரஸரோடு (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்வது). மற்றதில் அதற்கு மேலே உள்ளதை எடுத்து ஆம்ப் சிமுலேட்டரில் (கிட்டார் ஆம்ப் போல ஒலிக்கவைக்கும் சாஃப்ட்வேரில்) கொஞ்சம் கரகரக்க வைப்பேன். கரகரப்பு தனியாகக் கேட்டால் அசிங்கமாகத்தான் இருக்கும், பயப்படாதீர்கள்.

———

முதலில் எழுதியவன்தான் மறுபடியும். அண்ணா, ஃபிரெட் உரசல் குமிழை நேற்றே இறக்கிவிட்டேன். நீங்கள் திட்டியதும் சரி, எலியும் சரி.

நோட்டு நீளத்தைத் திருத்திய பாட்டை அந்த நண்பருக்கு அனுப்பினேன். "இப்போது கை ஒன்றுதான்" என்று பதில் வந்தது. ஆனால் ஸ்லைடு (விரலைக் கம்பியில் வழுக்கி வாசிப்பது) மட்டும் படியவில்லை. பிட்ச் பெண்டில் (சுருதியை வளைக்கும் வசதியில்) இரண்டாம் ஃபிரெட்டிலிருந்து ஏழாம் ஃபிரெட்டுக்கு வழுக்கினேன், ஆம்புலன்ஸ் போவதுபோல இருக்கிறது.

———

நீங்கள் வாசித்தது ஃபிரெட்லெஸ், அதுதான் சிக்கல். ஃபிரெட் உள்ள பாஸில் விரல் வழுக்கினாலும் சுருதி வழுக்காது, ஒவ்வொரு ஃபிரெட்டாகப் படியேறும். பெண்டை எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள நாலு அரை ஸ்வரங்களையும் பொடிப்பொடி நோட்டுகளாக, ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் படும்படி லெகாட்டோவில் வையுங்கள். சம இடைவெளி வேண்டாம், முதல் இரண்டும் கொஞ்சம் மெதுவாக, அப்புறம் விறுவிறு. லைப்ரரியில் லெகாட்டோ இல்லையென்றால் அந்தப் பொடி நோட்டுகளின் வெலாசிட்டியை 30க்குக் கீழே வைத்துப் பாருங்கள், சுண்டும் சத்தம் அமுங்கிவிடும். எனக்கு இறங்கும் ஸ்லைடில் இது சரியாக வருவதில்லை, அங்கே நோட்டை வெட்டிவிட்டு, லைப்ரரியில் தனியாக இருக்கும் விழும் சத்தத்தைத்தான் ஒட்டுகிறேன்.